மே விடுமுறையில் ஆப்பிரிக்க சஃபாரி: அம்மாவுக்கு 67, சின்னவளுக்கு 5. எங்கே போகலாம்?

சேலத்துக்காரன் எழுதியது:

வணக்கம். ஆப்பிரிக்கா போய் வந்தவர்கள் இங்கே சிலர் இருப்பது தெரியும், அதனால் கேட்கிறேன். நாங்கள் ஐந்து பேர். நான், மனைவி, பையன் (10), பெண் (5), அப்புறம் என் அம்மா (67). அம்மா சுத்த சைவம், இடது முழங்காலில் வலி. ஆனால் டிவியில் விலங்குச் சேனல் ஓடினால் சீரியலையே மறந்துவிடுவார். இந்தப் பயணமே பாதி அவருக்காகத்தான்.

பள்ளி விடுமுறையை விட்டால் வேறு வழியில்லை. மே மாதம் இரண்டாவது, மூன்றாவது வாரம். ஒரு ஏஜென்ட் கொடுத்த திட்டம் இது: நைரோபியில் இறங்கி அம்போசெலி 1 இரவு, நைவாஷா 1 இரவு, மசாய் மாரா 2 இரவு, அங்கிருந்து எல்லை தாண்டி தான்சானியாவில் செரெங்கெட்டி 2 இரவு, திரும்ப நைரோபி. 'பிக் ஃபைவ் (சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை) உத்தரவாதம், ஆற்றைக் கடக்கும் மாபெரும் கூட்டம்' என்று வழவழ காகிதத்தில் அச்சடித்தும் கொடுத்திருக்கிறார். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏதோ இடிக்கிறது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

நைரோபிநண்டு எழுதியது:

ஆறு வருடம் நைரோபியில் குப்பை கொட்டியவன். இடிப்பது எது என்று நான் சொல்கிறேன்.

முதலில் மாதம். கென்யாவில் மார்ச்சிலிருந்து மே வரை நீண்ட மழைக்காலம். ஆற்றைக் கடக்கும் கூட்டம் மாரா பக்கம் வருவது சுமாராக ஜூலையிலிருந்து அக்டோபர் வரை. மே மாதம் அந்தப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வைல்டபீஸ்ட்கள் (மாடு மாதிரி இருக்கும் பெரிய மான் வகை) செரெங்கெட்டிக்குள் எங்கோ நடந்துகொண்டிருக்கும். மே மாதத்தில் மாரா ஆற்றை யார் கடக்கப் போகிறார்கள் என்று உங்கள் ஏஜென்ட்டைக் கேளுங்கள்.

அடுத்து தூரம். நைரோபியிலிருந்து அம்போசெலி 4, 5 மணி நேரம். அங்கிருந்து நைவாஷா போக மறுபடி நைரோபியைத் தொட்டுக்கொண்டுதான் வரவேண்டும், ஒரு பகல் காலி. மாராவுக்கு இன்னொரு அரை நாள். மாராவும் செரெங்கெட்டியும் வரைபடத்தில் ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்கும், அதுதான் ஏமாற்று. வரிக்குதிரை அந்த எல்லையை நேராகத் தாண்டலாம், சுற்றுலாப் பயணி தாண்ட முடியாது. மேற்கே இசெபானியா சாவடி வரை சுற்றிப் போய், பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கி, பெரும்பாலும் வேறு வண்டிக்கு மாறி, தான்சானியா விசாவும் எடுத்து... அதுவும் ஒரு பகல். உங்கள் அம்மாவின் முழங்காலை நினைத்துப் பாருங்கள். பெட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாகவே ஓடிவிடும்.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன். மாரா நுழைவுக் கட்டணம் 2024-ல் ஏறியது. வெளிநாட்டுப் பெரியவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை நாளுக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200. 9 முதல் 17 வயதுப் பிள்ளைக்கு 50, எட்டு வயது வரை இலவசம். உங்கள் கணக்குக்கு மே மாதத்தில் நாளொன்றுக்கு 350 டாலர், ஆகஸ்டில் 650. தங்குவது, சாப்பாடு, வண்டி எல்லாம் இதற்கு மேல். அந்த வழவழ காகிதத்தில் நுழைவுக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா, இல்லையா? அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

கோவில்பட்டிக்கரிசல் எழுதியது:

அண்ணாச்சி, மழை என்றால் மழைதானே, நனைந்துகொண்டே பார்த்தால் என்ன? குடை பிடித்துக்கொள்ளலாம்.

நைரோபிநண்டு எழுதியது:

உங்கள் பெயரை வைத்துக்கொண்டு நீங்களே இப்படிக் கேட்கலாமா? மாராவில் பெரும்பகுதி உங்கள் ஊர் மண்தான். கரிசல். வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும், ஒரு மழை பெய்தால் களியாகிவிடும். லேண்ட் குரூஸரே சக்கரம் புதைந்து நிற்கும். இன்னொரு வண்டி வந்து கயிறு கட்டி இழுத்தால்தான் உண்டு. அதுவரை உள்ளேயே உட்கார வேண்டியதுதான், இறங்கித் தள்ள இது நாலாட்டின்புதூர் இல்லை. நான் ஒருமுறை மூன்றரை மணி நேரம் அப்படி இருந்திருக்கிறேன். தூரத்தில் நாலு சிங்கம் நனைந்துகொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

மழைக்காலத்தில் போகவே கூடாது என்று சொல்லவில்லை. கூட்டம் இருக்காது, விலை குறைவு, புல் பச்சையாக இருக்கும். இளவட்டம் நாலு பேர் என்றால் நானே போகச் சொல்வேன்.

கோவில்பட்டிக்கரிசல் எழுதியது:

கரிசலா! சரி, நான் வாயை மூடிக்கொள்கிறேன். மாட்டுவண்டி அச்சு வரை இறங்கியதைச் சின்ன வயதில் பார்த்தவன்.

ஊசிமருந்து எழுதியது:

தொழிலால் மருத்துவர். யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன், பயமுறுத்த அல்ல.

கென்யா மஞ்சள் காய்ச்சல் அபாயப் பட்டியலில் உள்ள நாடு. அங்கிருந்து இந்தியா திரும்பும்போது தடுப்பூசிச் சான்று இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த விமான நிலையச் சுகாதார அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். கண்ட இடத்தில் போட முடியாது, அங்கீகாரம் பெற்ற மையங்களில்தான். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் எல்லோரும் போகும் இடம்.

உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் வயது தடையில்லை. அம்மாவுக்குத்தான் யோசனை. இது உயிருள்ள, பலவீனமாக்கிய வைரஸைக் கொண்ட ஊசி. 60 வயதுக்கு மேல் முதல் முறையாகப் போடுபவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு இளையவர்களைவிட அதிகம். எண்ணிக்கையில் அரிதுதான், ஆனால் விடுமுறைக்காக எடுக்கும் அபாயம் என்பதால் கேள்வி கேட்டுத்தான் ஆகவேண்டும். அவருக்குச் சர்க்கரை உண்டா, வேறு மருந்து என்ன சாப்பிடுகிறார் என்பதெல்லாம் தெரிந்த மருத்துவரிடம் முதலில் போங்கள். இந்த இழையை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

மலேரியா வேறு விஷயம். அதற்குப் பயணிகளுக்கு ஊசி இல்லை, மாத்திரைதான். போகும் முன்பே தொடங்கி, திரும்பி வந்த பிறகும் சில நாள் தொடர வேண்டும். டாக்ஸிசைக்ளின் எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை, அதனால் சின்னவளுக்கு வேறு மாத்திரை, எடை பார்த்து. ஐந்து வயதுக் குழந்தைக்குக் கசப்பு மாத்திரையைத் தினமும் ஊட்டுவது எப்படி என்பதற்கு மருத்துவத்தில் பதில் கிடையாது.

சேலத்துக்காரன் எழுதியது:

டாக்டர், இதை ஏஜென்ட் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, ரத்த அழுத்தமும். எங்கள் டாக்டரிடம் நேற்றே கேட்டுவிட்டேன். "வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் என் அம்மா என்றால் போட மாட்டேன்" என்றார். அப்போ கென்யா கனவு அவ்வளவுதானா?

கபினிபோதும் எழுதியது:

நான் சொன்னால் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன். இந்தக் காசில் முதுமலை, பந்திப்பூர், கபினி என்று வருடா வருடம் போகலாம். யானை, காட்டெருது, சிறுத்தை, அதிர்ஷ்டம் இருந்தால் புலி. ஆப்பிரிக்காவில் புலியே கிடையாது.

யாழ்லண்டன் எழுதியது:

தம்பி, இரண்டும் ஒன்றில்லை. நான் இலங்கையில் யாலவும் போயிருக்கிறேன், முதுமலையும் போயிருக்கிறேன். எங்கட பக்கத்துக் காட்டில் பற்றைக்குள் ஒரு வால் தெரியும், எல்லாரும் "எங்கே, எங்கே" என்று கேட்டு முடிக்க முன்னம் அதுவும் போய்விடும். அங்கே புல்வெளி. ஒரு சிங்கக் குடும்பம் படுத்துக் கிடந்து கொட்டாவி விடுவதை அரை மணித்தியாலம் இருந்து பார்க்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த அரை மணித்தியாலம்தான் முக்கியம்.

நாங்கள் இரண்டு வருடத்துக்கு முன் ஆகஸ்டில் தென்னாப்பிரிக்கா, குரூகர் போனோம். வழிகாட்டி இல்லை, வாடகைக் கார்தான். அங்கேயும் இடப்பக்கம் ஓடுவதால் பயமில்லை. தார் வீதியில் 50 கிலோமீற்றர், மண் வீதியில் 40, அதற்கு மேல் ஓடினால் தண்டம். ஸ்குகுஸா, லோவர் சாபி, சதாரா என்று பூங்காவுக்குள்ளேயே அரசாங்க முகாம்கள் இருக்கு. சுற்றி வேலி, சமைக்க அடுப்பு, கடை எல்லாம் உண்டு. பிள்ளைகள் பின்னேரம் வெளியே ஓடி விளையாடலாம். மாலை கதவு மூட முன்னம் உள்ளே வந்துவிட வேண்டும், அதில் மட்டும் கண்டிப்பு. எங்களுக்கு ஏழு நிமிடம் பிந்தி, வாசலில் நின்ற காவலாளியின் முகத்தைப் பார்த்து என்ர மகன் அழுதே விட்டான்.

தென்னாப்பிரிக்கா மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் இல்லை. அதை யோசியுங்கோ.

ஊசிமருந்து எழுதியது:

சரியான யோசனை. ஆனால் குரூகர் மலேரியா பகுதி. அங்கே அபாயக் காலம் செப்டம்பரிலிருந்து மே வரை. ஆகஸ்டில் போனவருக்கு இருந்த நிம்மதி மே மாதத்தில் போகிறவருக்கு இல்லை.

இன்னொன்று, விமானம். அடிஸ் அபாபா, நைரோபி வழியாக மாறினால், நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தாலோ வெளியே போய்த் தங்கினாலோ மஞ்சள் காய்ச்சல் கேள்வி திரும்ப வரும். டிக்கெட் சற்று மலிவாக இருக்கிறது என்று அங்கே மாட்டிக்கொள்ளாமல், துபாய், தோஹா வழியாகப் போய்விடுங்கள்.

ஜோபர்க்மதி எழுதியது:

ஜோகன்னஸ்பர்க்கில் பதினோரு வருடமாக இருக்கிறேன். இப்படியொரு குடும்பம்தான் வருடா வருடம் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கும். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

மலேரியா இல்லாத காப்பகங்கள் இங்கே உண்டு. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து இரண்டரை மணி நேரத்தில் பிலனஸ்பர்க். கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் அணைந்துபோன எரிமலையின் மிச்சம் அது. மேலிருந்து பார்த்தால் வளையம் வளையமாக மலை, நடுவில் மான்க்வே ஏரி. ஏரிக்கரையில் மரத்தால் கட்டிய மறைவிடம் இருக்கிறது, காரை விட்டு இறங்கி அதற்குள் உட்கார்ந்து பார்க்கலாம். 1979-ல் விவசாய நிலத்தை மீட்டு, வேறு இடங்களிலிருந்து விலங்குகளைக் கொண்டுவந்து விட்ட இடம். 'அப்போ இது நிஜக் காடு இல்லையே' என்று சிலர் மூக்கைச் சுளிப்பார்கள். யானைக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இன்னும் வடமேற்கே, போட்ஸ்வானா எல்லையை ஒட்டி மடிக்வே. அங்கே சொந்தக் காரில் சுற்ற முடியாது, பகலில் வந்து போகவும் முடியாது. லாட்ஜில் தங்குபவர்கள் மட்டும்தான். ஆனால் ஒரு விலங்கைச் சுற்றி நிற்கும் வண்டிகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவார்கள். ஆப்பிரிக்கக் காட்டுநாய் பார்க்க நல்ல இடம். நம் செந்நாய் மாதிரி இல்லை, உடம்பெல்லாம் திட்டுத்திட்டாக யாரோ பெயின்ட் கொட்டின மாதிரி இருக்கும்.

இப்போது முக்கியமான விஷயம்: ஐந்து வயது. இங்கே லாட்ஜ் வண்டிகள் திறந்தவை, பக்கச் சுவரே இருக்காது. அதனால் ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையைப் பல இடங்களில் வண்டியில் ஏற்றவே மாட்டார்கள். சில இடங்களில் பன்னிரண்டுக்குக் கீழே லாட்ஜிலேயே இடமில்லை. 'ஃபேமிலி வெல்கம்' என்று வலைத்தளத்தில் போட்டிருப்பது நீச்சல் குளத்துக்கு மட்டும்தான் என்று போன பிறகு தெரியும். மின்னஞ்சலில் வயதைச் சொல்லி, "காலை சஃபாரியில் இந்தக் குழந்தை வரலாமா" என்று கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். குடும்ப லாட்ஜ்களில் சின்னப் பிள்ளைகளுக்கு என்றே ஒரு மணி நேரத்தில் முடியும் குட்டிச் சுற்று வைத்திருப்பார்கள். இல்லையென்றால் ஒரு வண்டியை முழுதாக உங்களுக்கே எடுத்துக்கொள்ளலாம். செலவுதான், ஆனால் குழந்தை அழுதால் திரும்பிவிடலாம், அடுத்த இருக்கைக்காரர் முறைக்க மாட்டார்.

பிலனஸ்பர்க்கில் சொந்தக் கார் என்பதால் இந்த வயதுத் தகராறே இல்லை. அதனால் என் யோசனை: முதலில் பிலனஸ்பர்க் மூன்று இரவு, அப்புறம் மடிக்வே இரண்டு இரவு. அவ்வளவுதான். மூன்றாவது இடம் சேர்க்காதீர்கள்.

மே இங்கே மழை நின்று குளிர் தொடங்கும் மாதம். புல் காய்ந்து படுத்துவிடும், விலங்கு எளிதில் கண்ணில் படும், தண்ணீர் தேடி அதுவாகவே ஏரிக்கு வரும். ஆனால் விடியற்காலைக் குளிரைச் சேலத்துக்காரர் நினைத்துப் பார்த்திருக்கவே முடியாது. திறந்த வண்டியில் காற்று வெட்டும். ஏற்காட்டுக்கு எடுத்துப் போகும் ஸ்வெட்டரை நம்பி வராதீர்கள்.

சாப்பாடு பயப்பட வேண்டாம். 1860-லிருந்து நம்மவர்கள் டர்பன் பக்கம் இருக்கிறார்கள், சைவம் என்றால் என்னவென்று இந்த நாட்டுக்குத் தெரியும். ஆனால் முட்டை, மீன் சைவத்தில் சேர்த்தியா என்பதில் சிலருக்குக் குழப்பம் உண்டு, தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

விசாவுக்கு நேரம் பிடிக்கும், இப்போதே தொடங்குங்கள். பிள்ளைகளுக்குத் தாய் தகப்பன் இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கட்டும்.

கபினிபோதும் எழுதியது:

சரி, தோற்றேன். ஆனால் ஒரு நல்ல யோசனை: போகும் முன் பாப்பாவை முதுமலைக்குக் கூட்டிப் போய் வனத்துறை வண்டியில் ஏற்றிப் பாருங்கள். அந்த ஒரு மணி நேரம் தாங்கவில்லை என்றால் ஜோகன்னஸ்பர்க் டிக்கெட் போடாதீர்கள்.

நைரோபிநண்டு எழுதியது:

இந்த இழையிலேயே உருப்படியான யோசனை இதுதான். கென்யாவை நான் விட்டுக்கொடுக்கவில்லை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெண்ணுக்கு எட்டு, ஒன்பது வயதாகும்போது ஒரு ஆகஸ்டில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். மாரா காப்பகத்துக்கு வெளியே மசாய் மக்களின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் கன்சர்வன்சிகள் உண்டு: நபோய்ஷோ, மாரா நார்த் மாதிரி. கூட்டம் குறைவு, இரவு சஃபாரி உண்டு, குத்தகைப் பணம் நிலக்காரர் கைக்கே போகும். அப்போது வந்து கேளுங்கள்.

சேலத்துக்காரன் எழுதியது:

முதுமலை போய் வந்தோம். வண்டி முழுக்க எல்லோரும் மானைப் பார்க்க, இவள் டிரைவர் கியர் போடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அழவில்லை, தூங்கவும் இல்லை. பாஸ். மதி சொன்னபடியே பிலனஸ்பர்க், மடிக்வே முடிவாகிவிட்டது. ஏஜென்ட் "கென்யா மாதிரி வராது சார்" என்றார். வராமல் போகட்டும்.

சேலத்துக்காரன் எழுதியது (ஜூன் முதல் வாரம்):

போய் வந்தாயிற்று. கேட்டவனுக்குச் சொல்லும் கடமையும் உண்டு என்பதால் எழுதுகிறேன்.

குளிரைப் பற்றி மதி சொன்னதில் மிகை எதுவுமில்லை. லாட்ஜில் கொடுத்த கம்பளியும் வெந்நீர்ப் பையும் இல்லையென்றால் அம்மா இரண்டாம் நாளே சிங்கத்தைக் கைவிட்டிருப்பார். பிலனஸ்பர்க்கில் விடுதி ஹீட்டர் ஒன்று வேலை செய்யவில்லை, ஐந்து பேரும் ஒரே அறையில் படுத்தோம். மூன்றாம் நாள் ஆசைப்பட்டு வாசலில் ஒரு திறந்த வண்டிச் சஃபாரிக்குப் பணம் கட்டப் போனேன். "இவளுக்கு எத்தனை வயது?" என்றார்கள். போச்சு. சொன்னபடி முன்கூட்டியே எழுதிக் கேட்காதது என் தப்பு. மனைவியும் பையனும் போனார்கள், நாங்கள் மூவரும் எங்கள் காரில் மான்க்வே கரைக்குப் போய் நீர்யானை மூச்சு விடுவதை எண்ணிக்கொண்டிருந்தோம்.

யானைக் கதையைச் சொல்லியாக வேண்டும். மண் சாலை வளைவில் ஒற்றைக் கொம்பன் எதிரே நடந்து வந்தது. நான் போட்டோ எடுக்கலாம் என்று நின்றேன். அம்மா பின்னால் இருந்து, "கன்னத்துல ஒழுகுது பாரு, மதம்டா, வண்டியப் பின்னால எடு" என்றார். ஊர்க் கோயிலில் யானை பார்த்து வளர்ந்த கண். எடுத்தேன், ஏறக்குறைய இருநூறு மீட்டர் ரிவர்ஸிலேயே. மடிக்வேயில் ரேஞ்சரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "பின்னால் எடுத்தது ரொம்பச் சரி. ஆனால் ஆப்பிரிக்க யானைகளுக்குப் பெண் யானை உட்பட, பதற்றமானாலே கன்னத்தில் ஒழுகும். மதமா என்று பார்க்கப் பின்னங்காலைப் பாருங்கள். சிறுநீர் சொட்டிக்கொண்டே இருந்தால் அது மதம்" என்றார். அம்மாவிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். "எதுவானா என்ன, வழி விடணும்ல" என்றார்.

மடிக்வேயில் காண்டாமிருகத்துக்குக் கொம்பு இல்லை. பையன் ஏமாந்துபோனான். கள்ள வேட்டைக்காரர்கள் வரக்கூடாது என்று காப்பகத்தாரே அறுத்துவிடுகிறார்களாம். நகம் மாதிரி கெரட்டின்தான், வலிக்காது, திரும்ப வளரும். எந்த இடத்தில் பார்த்தோம் என்று படத்தோடு போட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்கள், அதனால் இங்கே படம் இல்லை.

சாப்பாட்டில் குறையில்லை, நாலு வேளையில் மூன்று வேளை காளான் என்பதைத் தவிர. கொண்டுபோன பருப்புப் பொடியை முதல் நாளே குரங்கு தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஜன்னலைச் சாத்தச் சொல்லி அறையில் எழுதித்தான் வைத்திருந்தார்கள்.

திருச்சிப்பயணி எழுதியது:

அருமையான இழை. என் மாமியாருக்கும் முழங்கால் வலி. அந்தத் திறந்த வண்டி ரொம்ப உயரமாமே, அம்மா எப்படி ஏறினார்கள்?

சேலத்துக்காரன் எழுதியது:

உயரம்தான். பின் வரிசைகள் படிப்படியாக மேலே போகும், அங்கே ஏறுவது முழங்கால் வலி உள்ளவர்களால் முடியாது. லாட்ஜில் ஸ்டூல் கேட்டால் கொண்டுவருவார்கள். சில இடங்களில் ஏறுவதற்கென்றே மேடை கட்டியிருப்பார்கள், முன்பதிவிலேயே கேளுங்கள். இன்னொரு வழி, ரேஞ்சருக்குப் பக்கத்து முன் இருக்கை. அது தாழ்வாக இருக்கும், குலுக்கலும் குறைவு, கால் நீட்ட இடமுண்டு. முதல் நாள் மாலை அம்மாவை அதில் உட்கார வைத்தோம். அதற்கப்புறம் கடைசி வரை யாருக்கும் அந்த இடத்தைக் கொடுக்கவில்லை. பையனுக்கு இன்னும் அதில் கோபம்.